தலைவலிக்குக் காப்பீடு கை கொடுக்குமா?

எங்கள் சிவகாசி, திருத்தங்கல் பக்கம் தலைவலி என்று சொல்லாத பெண்ணைப் பார்ப்பதே அபூர்வம். காலையிலிருந்து பொழுது சாயும்வரை குனிந்த தலை நிமிராமல் வெடிக்குழாய் உருட்டுகிறார்கள், தீப்பெட்டி ஒட்டுகிறார்கள். கழுத்தில் பிடிக்கிற வலி பின்மண்டையில் ஏறி, நெற்றிப்பொட்டில் வந்து நிற்கிறது. மாத்திரை போட்டு அலுத்துப்போய் வர்ம வைத்தியத்துக்குப் போகிறவர்கள் நிறைய. வெளிநாடுகளில் 'கைரோபிராக்டிக்' என்று கழுத்து, முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்வதும் கிட்டத்தட்ட இந்த மாதிரிதான்.

என் ஓரகத்தி பத்து நாள் வர்ம சிகிச்சைக்குப் போய்வந்து காப்பீட்டுக் கம்பெனிக்கு பில் அனுப்பினாள். 'ஆஸ்பத்திரியில் தங்கவில்லை' என்று திருப்பிவிட்டார்கள். வருஷா வருஷம் பிரீமியம் கட்டினது எதுக்கு என்று அவளுக்கு ஆத்திரம்.

விஷயம் இதுதான். 2024 ஏப்ரல் 1 முதல் சித்தா, ஆயுர்வேதம் முதலான ஆயுஷ் சிகிச்சைகளை மற்ற சிகிச்சைகளுக்குச் சமமாகப் பாவிக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கம்பெனிகளுக்குச் சொல்லியிருக்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகளில், அங்கீகாரம் பெற்ற ஆயுஷ் மருத்துவமனையில் குறைந்தது 24 மணி நேரம் படுத்தால்தான் பணம். தலைவலிக்கு யாராவது படுக்கையில் சேருவார்களா? ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொள்கிற கதை! கைரோபிராக்டிக்கோ ஆயுஷ் பட்டியலிலேயே கிடையாது. அமெரிக்காவிலும் இதே தகராறுதான். அங்கே முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், முதுகெலும்பு விலகலைச் சரிசெய்வதற்கு மட்டும்தான் இதில் பணம் தருகிறது, தலைவலிக்கு என்று கேட்டால் இல்லை.

நம்மூர் பெண்களுக்கு உண்மையில் கைகொடுப்பது இ.எஸ்.ஐ.தான். 2019 ஜூலையிலிருந்து தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் கட்டுகிறார்கள். படுக்கையில் சேராமலே வெளிநோயாளியாக மருந்து வாங்கலாம், குடும்பத்துக்கும் உண்டு. ஆனால் வீட்டிலிருந்து பெட்டி ஒட்டுகிறவர்களை யார் பதிவு செய்கிறார்கள்? கழுத்து வலி அவர்களுக்கும்தானே!

சகோதரிகளே, பாலிசி எடுக்குமுன் 'வெளிநோயாளி சிகிச்சைக்கு உண்டா?' என்று கேளுங்கள். பணம் மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். முதலில் கம்பெனிக்கே புகார் எழுதுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால், ஓராண்டுக்குள் காப்பீட்டு குறைதீர்ப்பாளருக்கு (ஆம்புட்ஸ்மேன்) எழுதலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

ஒன்று மட்டும். திடீரென்று தாங்க முடியாத தலைவலி வந்தாலோ, கை கால் மரத்தாலோ, பேச்சு குழறினாலோ கழுத்தைத் திருப்ப யாரிடமும் கொடுக்காமல் நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்.

வேலை கொடுத்த வலிக்கு வைத்தியச் செலவை ஏழைப் பெண்ணின் சுருக்குப்பையிலேயே தேடுவது என்ன நியாயம்?

- ஒரு வாசகி, திருத்தங்கல்.