பேட்டரியை மாற்றும் முன் ஃபேனைப் பாருங்கள்

ஐப்பசி மழை ஆரம்பித்தால் ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் பல வீடுகளில் ஒரே புலம்பல்தான். "இன்வெர்ட்டர் ஒரு மணி நேரம்கூட தாங்க மாட்டேங்குது!" கடைக்காரர் வந்து பார்ப்பார். "பேட்டரி போயிடுச்சு சார், இந்த தடவை 150 வேண்டாம், 200 ஏஎச் போட்டுடுங்க" என்பார். வீட்டுக்காரரும் தலையாட்டுவார்.

தலையாட்டுவதற்குப் பின்னால் ஒரு பயம் இருக்கிறது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் பல தெருக்களுக்குக் கரண்ட் வர நாள் கணக்கில் ஆனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் பல இடங்கள் இருட்டில் கிடந்தன. ஆனால் ஒன்று... நாள் கணக்கில் கரண்ட் இல்லையென்றால் 150-ம் தாங்காது, 200-ம் தாங்காது. கொஞ்ச நேரம் கூடுதலாக ஓடும், அவ்வளவுதான்.

சரி, கணக்குக்கு வருவோம்.

12 வோல்ட், 150 ஏஎச் லெட் ஆசிட் பேட்டரி. இரண்டையும் பெருக்கினால் 1800 வாட் மணி, அதாவது 1.8 யூனிட். இதை முழுதாக உறிஞ்சினால் பேட்டரியின் ஆயுள் சீக்கிரம் தேயும். பாதியோடு நிறுத்துவது நல்லது. மிச்சம் 900. இன்வெர்ட்டரே தின்னும் நஷ்டம் 15 சதவீதம் என்று வைத்தால் கைக்கு வருவது சுமார் 765 வாட் மணி.

இப்போது செலவுப் பக்கம். 75 வாட் பழைய ஃபேன் மூன்று, எல்.இ.டி. விளக்குகளுக்கு 40 வாட், மோடத்துக்கு 10 வாட். மொத்தம் 275. புத்தம்புது பேட்டரியே இரண்டே முக்கால் மணி நேரம்தான் வரும்!

அதே மூன்று ஃபேனும் 30 வாட் பி.எல்.டி.சி. வகையாக இருந்தால்? மொத்தம் 140 வாட். கிட்டத்தட்ட ஐந்தரை மணி நேரம். மின்வாரியம் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மதியம் 2 வரை நிறுத்தினால், முதல் வீட்டில் பன்னிரண்டு மணிக்குள் எல்லாம் நின்றுவிடும். இரண்டாவது வீட்டில் கரண்ட் போனதே தெரியாது.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. பழைய பேட்டரி தேய்ந்துபோய் 60 சதவீதம் மட்டுமே பிடிக்கிறது என்று வையுங்கள். புது ஃபேன்களோடு அது மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். அதாவது பழைய ஃபேன் + புது பேட்டரியைவிட, புது ஃபேன் + பழைய பேட்டரியே மேல்!

மூன்று ஃபேனுக்கும் சேர்த்து ஆகும் செலவு பெரும்பாலும் ஒரு புது பேட்டரி விலையைவிடக் குறைவுதான். தவிர, பேட்டரி கரண்ட் போனால்தான் உதவும். ஃபேன் தினமும் உதவும். தினம் 12 மணி நேரம் ஓடினால் மூன்று ஃபேனில் ஒன்றரை யூனிட்டுக்கு மேல் மிச்சம். ஒன்று சும்மா நின்றே தேயும் சொத்து, மற்றது போட்ட பணத்தைத் திருப்பித் தரும் சொத்து. வணிகவியல் முதலாண்டு மாணவனிடம் கேட்டாலும் எது முதலில் என்று சொல்லிவிடுவான்.

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் வீட்டையே இழுத்துக்கொண்டு, கரண்ட் இணைப்பே இல்லாத காட்டில் போய்த் தங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் விவரமானவர்கள் பேட்டரி வாங்கும் முன் விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாவற்றின் வாட் கணக்கையும் எழுதிக் கூட்டுவார்கள். நம்மூரில் அந்தக் காகிதம் மட்டும் இல்லை.

"லித்தியம் வாங்கினால் என்ன?" நியாயமான கேள்வி. 100 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 150 ஏஎச் லெட் ஆசிட் தரும் வேலையைத் தாராளமாகத் தரும். எடை மிகக் குறைவு, தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை. ஆனால் அதன் பெருமையே ஆயிரக்கணக்கான தடவை சார்ஜ் ஏறி இறங்குவதில்தான். மாதம் இரண்டு மூன்று தடவை கரண்ட் போகும் தெருவில் அந்த ஆயிரங்களை எங்கே செலவழிப்பது? மாடியில் சோலார் போட்டுத் தினமும் பயன்படுத்துகிறவர்களுக்கு அது சரி. அப்போதும் பழைய இன்வெர்ட்டர் லித்தியத்துக்கு ஏற்றபடி சார்ஜ் செய்யுமா என்று கேட்டுவிட்டே வாங்க வேண்டும்.

அப்படியென்றால் பேட்டரியை மாற்றவே வேண்டாமா? வேண்டும்... நிஜமாகவே போயிருந்தால். உள்ளே ஆறு செல்கள் உண்டு. முழு சார்ஜுக்குப் பிறகு ஹைட்ரோமீட்டர் வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு செல் மட்டும் மற்றதைவிட ரொம்ப இறங்கியிருந்தால் அந்த பேட்டரியின் கதை முடிந்தது. எல்லாம் ஒரே அளவில் இருந்தால், டிஸ்டில்டு வாட்டர் மட்டத்தைச் சரிசெய்து இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். (கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் எல்லாம் ஆகாது.) இரண்டு பேட்டரி உள்ள 24 வோல்ட் இன்வெர்ட்டர் என்றால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், பழையது புதியதையும் சேர்த்துக் கெடுக்கும்.

கடைசியாக ஒன்று. பழைய பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். நூறு இருநூறு கூடக் கிடைக்கிறதே என்று தெருவில் வருகிறவரிடம் போட்டால், அது எங்கோ ஒரு கொட்டகையில் திறந்த அடுப்பில் உருகலாம். அந்தப் புகையும் தூசியும் பக்கத்துக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் பழையதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேலேயே வைத்திருக்கின்றன. அதனால் புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, கழிவு விலையை பில்லில் போட்டு வாங்குங்கள்.

முதலில் ஃபேன், பிறகு சோதனை, கடைசியில்தான் பேட்டரி. கடைக்காரர் சொல்லும் வரிசை இதற்கு நேர் தலைகீழ். அவருக்கு அது வியாபாரம், தப்பில்லை. பணம் உங்களுடையது.