முதலில் நிற்கட்டும், அப்புறம் பறக்கட்டும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கின எந்தக் கோயமுத்தூர்ப் பையனும் மூன்றாம் நாள் ஒரு கேள்வி கேட்பான். "இதுல இன்னும் எவ்வளவு போடலாங்ணா?"

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் ரெண்டே கதவு, தரையை உரசும் வயிறு, ரத்தச் சிவப்பு பெயின்ட் என்று கற்பனை செய்ய வேண்டாம். அதெல்லாம் பெரிய முதலாளிகள் வீட்டு ஷெட்டில் உறை போட்டுத் தூங்கும். நம்ம பையன்களின் ஸ்போர்ட்ஸ் கார் வேறு. 2000-ல் வந்து, 106 குதிரைசக்தியால் ஒரு தலைமுறையையே மயக்கிய ஹோண்டா சிட்டி விடெக். ஃபியட் பாலியோ 1.6. டர்போ வைத்த ஸ்கோடா ஆக்டேவியா. மிட்சுபிஷி சீடியா. எல்லாம் எப்போதோ விற்பனை நின்றுபோன வண்டிகள். சிலது இன்றைக்கு ஒரு பெரிய பைக் விலைக்கே கிடைத்துவிடும். மலிவாகக் கிடைப்பதுதான் வினை. மிச்சமான காசு பாக்கெட்டில் அரிக்க ஆரம்பிக்கிறது.

என் பதில் இதுதான். 'எவ்வளவு' என்பது ரெண்டாவது கேள்வி. 'முதலில் எதுக்கு' என்பதுதான் முதல் கேள்வி. வேகமாக ஓடுவதற்கு ஒரு ரூபாய் போடும் முன்னால், ஒழுங்காக நிற்பதற்கு ஆக வேண்டிய கடைசி ரூபாய் வரை போட்டிருக்க வேண்டும். அதற்கு வசதி இல்லையென்றால், அந்தக் காரை வைத்துக்கொள்ளவே வசதி இல்லை என்று அர்த்தம். கௌரவமாக விற்றுவிடலாம்.

நடப்பதோ நேர்மாறு. முதல் மாசம் அலாய் வீல். ரெண்டாவது மாசம் தெருவையே எழுப்பும் சைலன்சர். அப்புறம் ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தாழ்த்துவது, எஞ்சின் கம்ப்யூட்டரில் கைவைத்து 'ரீமேப்' செய்வது, கடைசியாக ஸ்டிக்கர். "பிரேக் பார்த்தியா தம்பி?" என்றால், "அது அடுத்த மாசங்ணா!"

அந்த அடுத்த மாசம் வருவதே இல்லை. ஏனென்றால் பிரேக்கை மாற்றினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. புது பிரேக் ஹோஸுக்கு ரீல்ஸில் லைக் விழுவதில்லை.

இருபது வயசான காரில் என்னவெல்லாம் போயிருக்கும்? சஸ்பென்ஷனில் இருக்கும் ரப்பர் புஷ் எல்லாம் வெடித்திருக்கும். ரேடியேட்டர் ஹோஸ் இறுகியிருக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் சாமான். ஈரம் ஏற ஏற அது கொதிக்கும் சூடு குறைந்துகொண்டே வரும். ஊட்டியிலிருந்து குன்னூர் வழியாக இறங்கும்போது, நாலாவது கொண்டை ஊசியில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போவது இதனால்தான். டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் அச்சடித்திருப்பார்கள். 1417 என்றிருந்தால் 2017-ம் வருஷத்து 14-வது வாரத்தில் செய்த டயர். மேலே பட்டன் நன்றாக இருக்கலாம், ரப்பர் காய்ந்து பலகையாகி இருக்கும். பலகையை மாட்டிக்கொண்டு மழைத் தண்ணீரில் நிற்க முடியுமா?

பள்ளிக்கூட இயற்பியல் ஒன்றை இங்கே ஞாபகப்படுத்த வேண்டும். வேகம் ரெண்டு மடங்கானால் வண்டியின் இயக்க ஆற்றல் நாலு மடங்காகும். 60-ல் போகும் காரை நிறுத்துவதைவிட 120-ல் போகும் காரை நிறுத்த பிரேக் நாலு பங்கு வேலை செய்ய வேண்டும். குதிரைகளைக் கூட்டிவிட்டுக் கடிவாளத்தைப் பழையபடியே விட்டால், ஓட்டுகிறவன் வீரன் இல்லை. பாரம்.

நான் பி.காம். படித்தவன். முதல் வருஷத்தில் சொல்லிக்கொடுத்த பாடம், முதலினச் செலவுக்கும் வருவாயினச் செலவுக்கும் உள்ள வித்தியாசம். மெஷினின் திறனைக் கூட்டும் செலவு முதலினம். தேய்ந்ததை மாற்றி இருந்த நிலைக்குக் கொண்டுவரும் செலவு வருவாயினம். ரெண்டையும் குழப்பினால் கணக்கு பொய் பேசும். அமெரிக்காவில் வேர்ல்ட்காம் என்ற தொலைத்தொடர்பு பூதம் வழக்கமான செலவுகளைச் சொத்து என்று எழுதிவைத்து லாபம் காட்டியது. 2002-ல் குட்டு வெளிப்பட்டு மண்ணைக் கவ்வியது.

நம்ம பையன் செய்வதும் சின்ன சைஸ் வேர்ல்ட்காம்தான். சைலன்சருக்கு எண்பதாயிரம் போட்டுவிட்டு, "இது இன்வெஸ்ட்மென்ட்டுங்ணா" என்கிறான். எந்த ஊர் இன்வெஸ்ட்மென்ட்? வருமான வரிக் கணக்கில் தொழிலுக்கு வைத்திருக்கும் காருக்கு வருஷம் 15 சதவீதம் தேய்மானம் எழுதுவார்கள். பத்து வருஷத்தில் 100 ரூபாய் 20 ரூபாய்க்கும் கீழே வந்துவிடும். காரின் கதியே இதுவென்றால் காரில் ஒட்டவைத்த சாமானின் கதி என்ன?

ஒரு கணக்கு போடுவோம். கார் இரண்டரை லட்சம், மாற்றங்கள் நாலரை லட்சம். மொத்தம் ஏழு. விற்கப் போனால் ஏழு வராது. பழைய கார் வாங்குகிறவன் முதலில் கேட்பதே, "கம்பெனி ஒரிஜினலாங்க?" என்றுதான். கை வைத்த வண்டி என்றால் சந்தேகத்துக்கும் சேர்த்து விலையைக் குறைப்பான்.

சட்டமும் அவன் பக்கம்தான். 2021-ல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கு என்று தனி விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டியிருக்க வேண்டும், அசல் வடிவிலேயே காப்பாற்றியிருக்க வேண்டும். அப்போதுதான் தனி நம்பர் பிளேட். நாளைக்கு உன் கார் பொக்கிஷமாக வேண்டுமானால் இன்றைக்கு ரம்பத்தைக் கீழே வை என்று சொல்லாமல் சொல்லும் விதி. அவிநாசி ரோட்டில் ஜி.டி. கார் மியூசியத்துக்குப் போய்ப் பாருங்கள். பிறந்தபோது எப்படி இருந்ததோ, அதுதான் அங்கே ஒரு பழைய காரின் அழகு.

"ஆசைக்குச் செய்யறதுல போய் லாப நஷ்டம் பார்க்கிறதாங்க?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு நாள் கல்யாணத்துக்கு மண்டபம், பந்தி, பூ அலங்காரம் என்று லட்சம் லட்சமாகக் கொட்டும் ஊரில், ஒரு பையன் காருக்குச் செலவழிப்பதைக் கேலி செய்ய யாருக்கும் யோக்கியதை கிடையாது. ஆசைக்குச் செலவழிக்கட்டும். ஆசை என்றே கணக்கு எழுதட்டும். முதலீடு என்று பொய்ப் பெயர் சூட்டி அப்பாவிடம் காசு வாங்க வேண்டாம், நகைக்கடன் வைக்க வேண்டாம். இவ்வளவுதான் நான் சொல்வது.

அடுத்த வாதம் பெருமை சம்பந்தப்பட்டது. "ரேஸ் நம்ம ஊர் ரத்தத்துலயே இருக்குதுங்ணா. கரிவரதன் ஊருங்ணா இது!"

ஆமாம், கரிவரதன் ஊர்தான். அந்த மனுஷர் என்ன செய்தார் என்று தெரிந்துகொண்டு பேசினால் நன்றாக இருக்கும். சோழவரத்தில் பெரிய வெளிநாட்டு ரேஸ் கார்களை ஓட்டியவர் எஸ்.கரிவரதன். தன் காருக்கு மட்டும் காசைக் கொட்டிக்கொண்டு அவர் உட்காரவில்லை. சாதாரண மாருதி 800-ன் 796 சி.சி. எஞ்சினை வைத்து 'ஃபார்முலா மாருதி' என்று ஒரு ரேஸ் காரைக் கோவையில் உருவாக்கினார். எல்லோருக்கும் ஒரே மாதிரி கார், கட்டுப்படியாகும் விலை, ஓட்டுகிறவன் திறமைக்கு மட்டும் பரிசு. அந்த ஃபார்முலா மாருதியில் ரேஸ் ஓட்ட ஆரம்பித்த நம்ம ஊர் நரேன் கார்த்திகேயன்தான் 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் 2003-ல் இருந்து ரேஸ் டிராக் இருக்கிறது. அவர் விட்டுப்போன சொத்து சிக்கனமும் டிராக்கும்தான். அவிநாசி ரோட்டில் ராத்திரி பதினொரு மணிக்கு உறுமும் சைலன்சர் அந்தப் பரம்பரையில் சேர்த்தி இல்லை.

இன்னொரு கோவை உதாரணம். ரேஸ் வீரர் ஜெ.ஆனந்தின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், டாடா மோட்டார்ஸோடு கைகோத்து 2018-ல் டியாகோ ஜே.டி.பி. என்ற காரைக் கொண்டுவந்தது. விலை 6 லட்சத்து 39 ஆயிரம், எக்ஸ் ஷோரூம். டர்போ எஞ்சின் வைத்ததோடு அவர்கள் விட்டுவிடவில்லை. சஸ்பென்ஷனையும் சக்கரத்தையும் டயரையும் சேர்த்தே மாற்றினார்கள். தொழில் தெரிந்தவன் எஞ்சினை மட்டும் தொடமாட்டான். 2020-ல் அந்தக் கார் நின்றுபோனது வேறு கதை. ஆனால் கணக்கைப் பாருங்கள். பழைய காரில் ஏழு லட்சம் போட்ட பையன், வாரன்டியோடு ஒரு முழுப் புது காருக்குக் கேட்ட விலையைத் தாண்டிவிட்டான்!

சட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வருஷம் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாசம் வரை ஜெயிலோ, ரெண்டுமோ கிடைக்கலாம். எஞ்சினை மாற்றுவதென்றால் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், ஆர்.சி.யில் ஏற வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் மாற்றிவிட்டு இடித்தால், க்ளெய்ம் நிராகரிக்கப்படும் அபாயம் உண்டு. இந்தச் செலவையெல்லாம் எந்தப் பையனின் பட்ஜெட்டிலும் நான் பார்த்ததில்லை.

பையன்களை மட்டும் திட்டினால் அநியாயம். அப்பாக்களுக்கும் பங்கு உண்டு. கொங்கு நாட்டுச் சிக்கனம் உலகப் பிரசித்தம். ஆனால் அது சில சமயம் தப்பான இடத்தில் வேலை செய்யும். "நாலு டயரும் ஒண்ணா எதுக்குடா மாத்தோணும்? ரெண்டு மாத்து, போதும்" என்பவர், பையன் முகம் வாடினால் பிறந்தநாளுக்கு மியூசிக் சிஸ்டத்துக்கு அள்ளிக் கொடுப்பார். டயர் செலவு, மியூசிக் பாசம்! டயரும் பாசம்தான் ஐயா.

சரி, கடைசியில் எவ்வளவு? என் கணக்கு மூன்று உறை. முதல் உறையில் 'நிற்க' என்று எழுதுங்கள். பிரேக், டயர், புஷ், ஸ்டீயரிங். இரண்டாவதில் 'தாங்க'. கூலிங், டைமிங் பெல்ட், ஹோஸ், வயரிங். நல்ல மெக்கானிக்கை வைத்து வண்டியை முழுசாகப் பரிசோதித்து, இந்த ரெண்டு உறைக்கும் ஆகும் தொகையை கார் வாங்கும் முன்பே எழுதி வாங்கிவிட வேண்டும். அது கார் விலையைத் தொட்டாலும் ஆச்சரியப்படாதீர்கள். பழைய காரின் உண்மையான விலையே அதுதான்.

மூன்றாவது உறை 'ஓட'. அதில் போடும் பணம், நாளைக்கே தொலைந்தாலும் வீட்டு மளிகைக் கணக்குக்குத் தெரியாத பணமாக இருக்க வேண்டும். கடனாக இருக்கக் கூடாது. அதிலும் முதல் செலவு, செட்டிபாளையம் மாதிரி ஒரு டிராக்கில் முறையான பயிற்சி. ஓட்டுகிறவன் கற்றுக்கொண்டது தேய்வதில்லை, துருப்பிடிப்பதில்லை, அடுத்த காருக்கும் கூடவே வரும். ஜி.டி.நாயுடு இளம் வயதில் ஹோட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினார். வாங்கி என்ன செய்தார்? பிரித்தார், மாட்டினார், கற்றுக்கொண்டார். அவர் பெயர் வைத்த 10 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தாகிவிட்டது. ஆக்ஸிலேட்டரை அழுத்தச் சொல்லிக் கூப்பிடும் ரோடு. அது முடிந்து இறங்கும் இடத்தில், டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் பால் கேனோடு ஒருவர் குறுக்கே வரலாம். அவருக்கு உங்கள் குதிரைசக்தி தெரியாது. உங்கள் பிரேக்கை நம்பித்தான் அவர் ரோட்டைக் கடக்கிறார்.

ஆகவே கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர் பட்டறை அண்ணன்களுக்கு ஒரு வேண்டுகோள். பையன் கட்டுக் கட்டாகக் காசோடு வந்து "பவர் ஏத்தோணுங்ணா" என்று நின்றால், முதலில் வண்டியை ஜாக்கியில் ஏற்றுங்கள். நாலு சக்கரத்தையும் கழற்றுங்கள். தேய்ந்த பிரேக் பேடை எடுத்து அவன் கையிலேயே கொடுங்கள். அதை மாற்றாமல் எஞ்சினைத் தொடமாட்டேன் என்று சொல்லுங்கள். ஒரு கிராக்கி போகலாம். போகட்டும்.