டியூட்டர் கையெழுத்துப் போட மட்டுமா?

கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்யும் 'நாக்' அமைப்பு கேட்கும் விவரங்களில், ஒரு வழிகாட்டி ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்பதும் ஒன்று. கல்லூரிகள் எண்ணைக் கொடுத்துவிடுகின்றன. நம் பிள்ளைகளிடம் "உன் டியூட்டர் யார்?" என்று கேட்டால் பெயர் சொல்வார்கள். எதற்குப் போவாய் என்றால், உதவித்தொகை விண்ணப்பத்திலும் விடுப்புக் கடிதத்திலும் கையெழுத்து வாங்க என்பார்கள். பாடத்தில் சந்தேகம் கேட்கப் போனதாகச் சொல்பவர் அபூர்வம்.

கூடலூர், பந்தலூர்ப் பகுதியிலிருந்து கல்லூரிக்குப் போகிறவர்கள் யார்? 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் தாயகம் திரும்பி, டேன்டீ தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களின் பேரப்பிள்ளைகள். அவர்களில் தலித்துகள் ஏராளம். பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் வீடுகளிலிருந்து முதல் தலைமுறையாக வருபவர்கள். வீட்டில் ஒரு மொழி, கடைவீதியில் மலையாளமும் தமிழும், பாடப்புத்தகத்தில் ஆங்கிலம். 'புதுமைப்பெண்', 'தமிழ்ப்புதல்வன்' தரும் மாதம் 1,000 ரூபாய் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கிறது. அறுபது பேர் நடுவே எழுந்து "புரியவில்லை" என்று சொல்லும் துணிவை அது தராது. கேட்டால் 'கோட்டாவில் வந்தது' என்று பின்வரிசை முணுமுணுக்கும். ஆசிரியர்கள் இதைக் கூச்சம் என்கிறார்கள். பாதிதான் உண்மை.

சிடன்ஹாம் கல்லூரியில் பாடம் நடத்திய அனுபவம் உள்ள அண்ணல் அம்பேத்கர், 1924இல் பம்பாய்ப் பல்கலைக்கழகச் சீர்திருத்தக் குழுவுக்கு எழுதிக்கொடுத்த சாட்சியத்தில், மாணவர் மூளையில் தகவலை நிரப்புவதைவிட அவரது சொந்தச் சிந்தனையை வெளிக்கொணர்வதே உயர்கல்வியின் வேலை என்று வாதிட்டார். பேச வாய்ப்பே இல்லாத வகுப்பில் அது எப்படி நடக்கும்? டெல்லி எய்ம்ஸ் பற்றி 2007இல் அறிக்கை தந்த தோரட் குழுவும், தலித், பழங்குடி மாணவர்களுக்கு ஆசிரியரின் ஆதரவு போதவில்லை என்றே கண்டது.

ஆகவே எட்டுப் பேர், பத்துப் பேர் கொண்ட சிறு குழு வகுப்பு வேண்டும் என்கிறோம். ஆனால் குழு சிறிதானால் சாதி வெளியே போய்விடாது. மாணவர்களே பிரிந்துகொள்ளட்டும் என்று விட்டால் விடுதிப் பிள்ளைகள் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம். கலந்து உட்கார்ந்தாலும் ஆங்கிலம் தெரிந்தவன் பேசுவான். நம் பிள்ளை சார்ட் ஒட்டும். குழுவை ஆசிரியர்தான் பிரிக்க வேண்டும். கேள்வியைக் கொடுத்துவிட்டு ஐந்து நிமிடம் எல்லோரும் தாளில் எழுதட்டும், தமிழிலேயே எழுதட்டும். பிறகு வரிசையாக ஒவ்வொருவரும் வாசிக்கட்டும். எழுதியதை வாசிக்க நா எழும்.

'ரெமிடியல்' என்று பெயர் சூட்டிப் பட்டியலினப் பிள்ளைகளை மட்டும் உட்கார வைப்பது முத்திரை குத்துவதாகவே முடியும். எல்லோருக்கும் பொதுவாக, கால அட்டவணைக்குள் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். தொகுப்பூதியத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கௌரவ விரிவுரையாளர் தலையில் இதையும் கட்டாமல், அவரது பாடவேளைக் கணக்கில் சேர்க்க வேண்டும். மாலை நான்கு மணிக்கு மேல் வைத்தால் சேரம்பாடிப் பிள்ளை வராது. பேருந்தை விட்டு இறங்கியதும் யானை நிற்கும் தோட்டப் பாதையில் நடக்க வேண்டும்.