கப்பலுக்கு ஒரு சோதனை, கடைக்கு?

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டத்து மானாவாரி நிலங்களில் விளையும் நிலாவாரை, ‘டின்னவெல்லி சென்னா’ என்ற பெயரில் உலகச் சந்தைக்குப் போகிறது. ஊரில் இதை அவுரி என்றும் சொல்வார்கள். மும்பைக் கடைகளில் சோனாமுகி. மலச்சிக்கலுக்கு எங்கும் கைகண்ட சரக்கு.

தூத்துக்குடியில் கப்பலேறும் இலையை அயல்நாட்டு வியாபாரி கண்ணால் பார்த்து மட்டும் வாங்குவதில்லை. ஆய்வுக்கூடச் சான்று கேட்கிறார். பேதியாக்கும் பொருள் சென்னோசைடு. 1941-ல் சுவிட்சர்லாந்தில் அதைப் பிரித்தெடுத்தார்கள். அது இலையில் எத்தனை சதவீதம், பூச்சிமருந்து தங்கியிருக்கிறதா, ஈயம் உண்டா என்று பார்த்த பிறகே சரக்கு நகரும். மூலிகை மருந்துகளில் ஈயம், பாதரசம் முதலியவற்றுக்கான சோதனையை 2006 ஜனவரி முதல் மத்திய அரசு கட்டாயமாக்கியபோதும், அது ஏற்றுமதிச் சரக்குக்கே.

அதே இலை உள்ளூரில் விற்கப்படும் கதை வேறு. சித்த, ஆயுர்வேத மருந்தைத் தயாரிக்க உரிமம் வேண்டும், விற்க வேண்டியதில்லை. சாக்கைத் திறந்து வைத்து, இடித்த பொடியைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பவரைக் கேட்பார் யார்?

கலப்படமும் புதிதல்ல. நிலாவாரையோடு ஆவாரை இலையைச் சேர்ப்பது பழைய தந்திரம். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். ஆவாரையில் பேதிச் சத்து கிடையாது. கண்டுபிடிக்கப் பெரிய யந்திரம் தேவையில்லை. 80 சதவீத கந்தக அமிலத்தை விட்டால் ஆவாரை ரத்தச் சிவப்பாகும். ஆய்வுக்கூடத்தில் ஒருவர் செய்தால் போதும். ஆனால் செய்யச் சொல்லி யாரும் வற்புறுத்துவதில்லை.

தூய சரக்கும் கெடும். சென்னோசைடு ஈரத்திலும் சூட்டிலும் சிதைந்து போகும். ஆகவேதான் 40 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதத்தில் மருந்தை ஆறு மாதம் வைத்து, சத்து எவ்வளவு மிஞ்சியது என்று அளக்கிறார்கள். மும்பையின் ஜூலை மழையில் காற்றின் ஈரம் இதைத் தாண்டும். அந்த மழையில் திறந்து கிடக்கும் சாக்கில் காலாவதித் தேதி எங்கே எழுதியிருக்கிறது?

இதில் அடிபடுபவர் கூலிக்காரர்தான். சத்துக் குறைந்த பொடி வேலை செய்யவில்லை என்று அவர் இரண்டு ஸ்பூனாக்குகிறார். அடுத்த மடிப்பில் வீரியமான சரக்கு வந்தால் வயிற்றுக் கடுப்பு, பேதி, ஒரு நாள் சம்பளம் போயிற்று. வாரக்கணக்கில் தொடர்ந்தால் உடம்பில் பொட்டாசியம் குறைந்து சோர்வு தட்டும். இருதய நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது ஆபத்து.

தயாரிப்பாளர் உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி மூன்றும் அச்சிட்ட பாக்கெட் சில ரூபாய் கூடுதல்தான். தவறு கண்டால் பொறுப்பாளி இன்னார் என்று அதிலாவது தெரியும். சில்லறை விற்பனைக்கும் உரிமம் வராதவரை, காகித மடிப்புக்கு அந்தப் பொறுப்பாளி கிடையாது.