பழைய காரும் பேரிங் சத்தமும்



என் மாருதி 800 பின்பக்கம் இரண்டு மாதமாக ‘ஊங்’ என்று இரைந்தது. டயர் சத்தம் என்று இருந்துவிட்டேன். தவறு என்னுடையதுதான். பேரப்பிள்ளைகளோடு திருச்செங்கோடு போய் ஆட்டையாம்பட்டி திரும்பும்போது இரைச்சல் அதிகமானது. ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்த்தால் பின்சக்கரம் ஆடுகிறது. பேரிங் தேய்ந்துவிட்டது.

“2014-லேயே நிறுத்திவிட்ட வண்டி, விற்றுவிடுங்கள்” என்றார்கள் வீட்டில். பேரிங் போனதற்கு வண்டியை விற்பதா? உள் பேரிங், வெளி பேரிங் இரண்டையும் மாற்றினேன், சத்தம் போய்விட்டது.

வேகம் கூடக் கூட இரைச்சலும் கூடினால் உடனே பாருங்கள். பாட்டுச் சத்தத்தைக் கூட்டி மறைக்காதீர்கள். முற்றினால் சக்கரம் இறுகிவிடும், கழன்றும் போகலாம். வண்டி பழசாக இருப்பதில் ஆபத்தில்லை, அசட்டையாக இருப்பதில்தான் ஆபத்து.