‘இல்லை’ என்னும் மறுமொழி

சாமை என்பது கொல்லிமலை உழவர்க்கு ஒரே கூலத்தின் பெயரன்று. சடஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை, வெள்ளைப்பெருஞ்சாமை என வகைவகையாய்ப் பிரித்துப் பெயரிட்டவர் அவர். மரவள்ளி பரவப் பரவச் சாமைக் கொல்லைகள் சுருங்கின. சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையார் 1990-கள் முதல் அம்மலையில் சிறுகூலங்களைக் காக்கப் பாடுபட்டமையால் விதை ஓரளவு பிழைத்தது. பெயர் பிழைக்குமா என்பதே வினா.

அம்மலை வாசலூர்பட்டியில் ஒரு மாணவன் தன் ஊர்க் கூலப்பெயர்களைத் தொகுத்துக் கணினியில் ஏற்றுகின்றான் என்று கொள்வோம். பக்கப்படமாக ஏற்றினால் மாந்தர் கண் மட்டுமே படிக்கும். மற்றொரு கணினி கேட்டுப் பெறும்படி ஏற்றினாலோ, உழவர்க்கான செயலியும் அகரமுதலியும் பள்ளி நூலும் அதனை எடுத்தாளும். அவ்வாறு கேட்டலும் விடுத்தலும் நிகழ்வதற்கான அமைப்பே வலைப்பணி. அதற்குரிய நெறியை 2000-இல் இராய் பீல்டிங்கு என்பார், கலிபோர்னியப் பல்கலைக்கழகத்து இருவைன் வளாகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் வகுத்தார். ‘ரெசுட்டு’ என வழங்குவது அதுவே.

அந்நெறி தமிழாசிரியர்க்குப் புதியதன்று. முகவரி பெயர்ச்சொல், ஏவல் வினைச்சொல். வினைகளோ மிகச் சில. ‘கெட்’ என்றால் கொடு. ‘போசுட்டு’ என்றால் புதிது சேர். ‘புட்’ என்றால் மாற்றி வை. ‘டெலீட்’ என்றால் நீக்கு. ‘/சாமை/சடஞ்சாமை’ என்பது ஒரு பெயர். அதனைக் ‘கெட்’ என்னும் ஏவலால் கேட்டால் 200 என்னும் எண்ணோடு விளக்கம் வரும். இல்லாததைக் கேட்டால் 404 வரும். புதிதாய்ப் பயில்வோர் ‘/சாமையைக்கொடு’ என முகவரிக்குள்ளேயே வினையைப் புகுத்திவிடுவர். அஃது இயங்கினும் வழுவே. மேலும், வழங்கி முன்பு கேட்டவரை நினைவில் வைப்பதில்லை. ஆகலின் ஒவ்வொரு வேண்டுகோளும் எச்சமாய் நில்லாது முற்றுத்தொடராய் இருத்தல் வேண்டும். பைத்தான் மொழியில் இவ்வமைப்பைச் சில வரிகளில் எழுதிவிடலாம். 2008-இல் வெளிவந்த அதன் மூன்றாம் பதிப்பு முதல் நிரலின் உட்பெயர்களையும் தமிழிலேயே இடலாம். கேட்டுப் பெறும் நிரல் இன்னும் சிறிது.

இடர் வேறிடத்தில் உள்ளது. ‘கொள்ளு’ நமக்கு மூன்றெழுத்து. ஒருங்குறியில் அஃது ஆறு குறி. அனுப்புங்கால் 18 பைட்டு. முகவரியில் விரியுங்கால் 54 குறி. இதில் மலைக்க ஒன்றுமில்லை, கணினியே பார்த்துக்கொள்ளும். ஆனால் ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் ஏற்றலாம், கொம்பு வேறு, கால் வேறு என இரண்டாகவும் ஏற்றலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கோ வெவ்வேறு சொற்கள்! ஒருவகையாய் ஏற்றி மறுவகையாய்க் கேட்டால், பட்டியில் இருக்கும் கொள்ளுக்கே 404 வந்து நிற்கும். ஏற்றும்போதும் கேட்கும்போதும் சொல்லை ‘என்.எப்.சி.’ என்னும் ஒரே வடிவிற்குக் கொணரும் ஒரு வரி இக்கேட்டைத் தீர்க்கும். (ஔவையை ஒகரமும் ளகரமுமாய்த் தட்டுவார் பிழையை அவ்வரியும் தீர்க்காது, அதற்கு ஆசிரியரே வேண்டும்.) ஆங்கிலச் சொற்களை வைத்தே நிரல் பயிலும் மாணவன் கண்ணில் இவ்வொரு வரியின் தேவை படுமோ?

தமிழன்பர் சிலர் ‘ரெசுட்டு’க்குத் தமிழ்ப்பெயர் கண்டதோடு கடமை முடிந்ததெனக் கருதுகின்றனர். பெயர் வேண்டுவதே. பாவாணர் தலைமையில் 1974-இல் தொடங்கிய சொற்பிறப்பியல் பேரகரமுதலி 2011-இல்தான் முற்றுப்பெற்றது. சொல்லின் அருமை அறியாதார் அவ்வளவு உழைப்பரோ? ஆயினும் ஆக்கிய சொல் கேட்டபோது கிடைக்க வேண்டுமன்றோ! தமிழ் விக்சனரியைப் பிற நிரல்கள் இவ்வாறு கேட்டுப் பெற இயலும். அகரமுதலியும் கலைச்சொற் பட்டியும் வைத்திருக்கும் அரசு நிறுவனம் ஒவ்வொன்றும் அவற்றை எவரும் கட்டணமின்றிக் கேட்டுப் பெறும் வலைப்பணியாகத் திறந்துவைக்க வேண்டும். அவ்வாறு வைக்கும் நாளில் தமிழன்பர் வாழ்த்துரைக்கு முந்தாமல், ‘கொள்ளு’ என்னும் ஒரு சொல்லை இருவகையாகவும் தட்டிக் கேட்டுப் பார்க்கட்டும். இரண்டற்கும் 200 வந்தால் ஏற்றுக்கொள்ளலாம். ஒன்றற்கு 404 வந்தாலும் திருப்பியனுப்ப வேண்டும்.