ஊசி போடும் கைக்கு ஊசி எங்கே?



கோம்பையிலே பொழுது புலருமுன் ஜீப்புகள் நிறைகின்றன. ஏலத் தோட்ட வேலைக்குக் கம்பமெட்டு ஏறிச் செல்லும் பெண்கள், ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் வாங்கியபடி நெருக்கி அமர்ந்து, கேரளம் போய் இருட்டும் வேளையில் திரும்புகின்றனர். அவர்களுள் ஒருத்திக்கு இன்புளூயன்சா கண்டால் ஊருக்கே காண எத்தனை நாள் ஆகும்? காய்ச்சல் முற்றினால் உத்தமபாளையம், கம்பம் அரசு மருத்துவமனைகள். அதற்கும் அடங்காவிட்டால் க. விலக்கு மருத்துவக் கல்லூரி. அங்கெல்லாம் அவள் முகத்தருகே குனிந்து நிற்பவர் செவிலியர். அச்செவிலியருக்கு ஆண்டுதோறும் போடவேண்டிய தடுப்பூசி கிடைத்ததா என்று நாம் கேட்டதுண்டா?

நோயாளியின் அருகிருந்து பணிபுரிவோருக்கு இவ்வூசி வேண்டுமென்று மத்திய அரசின் வழிகாட்டுதலே கூறுகிறது. ஆனால், நாடெங்கும் இலவசமாகப் போடும் தடுப்பூசித் திட்டத்தில் அதற்கு இடமில்லை. அறிவுரை அரசினுடையது, செலவு யாருடையது?

“படித்தவர்களே ஊசிக்கு அஞ்சுகிறார்களே!” என ஏளனம் பேசுவோர் உண்டு. 2010-இல் பன்றிக் காய்ச்சலுக்கென 15 லட்சம் ஊசிகளை வெளிநாட்டிலிருந்து வாங்கி மருத்துவப் பணியாளர்க்கு அளித்தபோது பலர் முன்வரவில்லை என்பது மெய். 2021 ஜனவரி 16-இல் கொரோனா ஊசி தொடங்கியபோதும், தமிழகத்தில் மையத்துக்கு நூறு பேர் என 160-க்கு மேற்பட்ட மையங்களில் காத்திருந்தும், முதல் நாள் வந்தோர் மூவாயிரத்தை ஒட்டியவரே.

ஏன்? மூன்றாம் கட்டச் சோதனையின் பலன் வெளிவருமுன்பே கோவாக்சினுக்கு அனுமதி தரப்பட்டது. ஒப்புதல் படிவத்தை நீட்டினால், படித்தவர் கேள்வி கேட்கமாட்டாரா? ஜனவரி 22-இல் அன்றைய அமைச்சர் விஜயபாஸ்கர் தாமே அதைப் போட்டுக்கொண்டார், பாராட்டுகிறோம். ஆயினும், சோதனை முடிவுகள் வெளியாகி, இரண்டாம் அலையும் வாசலில் வந்து நின்ற பின்னரே தயக்கம் கரைந்தது. அது அச்சமன்று, அறிவு கேட்ட கணக்கு.

இன்புளூயன்சா ஊசியோ 1940-களிலிருந்து உலகம் அறிந்தது. கிருமி உருமாறுவதால் ஆண்டுதோறும் போடவேண்டும். கிருமியோடு நன்கு பொருந்தும் ஆண்டிலும் நூற்றுக்கு 40 முதல் 60 வரையே அதன் காப்பு. இந்த உண்மையை ஒளிக்காமல் சொன்னால் நம்பிக்கை வளரும். மிகைப்படுத்தினால் மறு ஆண்டே கைநழுவும்.

மற்றொன்று வயிற்றுப்பாடு. 2015-இல் தேர்வு எழுதி வந்த செவிலியர்க்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம்! கொரோனாவில் உயிரைப் பணயம் வைத்த ஒப்பந்தச் செவிலியர் 2,300-க்கு மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31-ஓடு முடிக்கப்பட்டது. ஊசி போட்ட மறுநாள் உடம்பு வலித்தால் படுக்கச் சம்பளத்துடன் ஒருநாள் உண்டா? ஒப்பந்ததாரரின் கீழ் வார்டைக் கழுவும் அம்மையார் எந்தப் பட்டியலில் இருக்கிறார்?

வடகிழக்குப் பருவமழையோடு காய்ச்சல் ஏறும். ஆகவே செப்டம்பருக்குள், பணியிடத்திலேயே, பணி நேரத்திலேயே, நிரந்தரம் ஒப்பந்தம் என்ற பேதமின்றி இலவசமாக ஊசி வேண்டும்; மறுநாள் சம்பளத்துடன் ஓய்வு வேண்டும். பள்ளத்தாக்கின் கிளைத் தோழர்கள் அவரவர் ஊர் மருத்துவமனையில் இந்த ஆண்டு எத்தனை பேருக்குப் போடப்பட்டது, அவர்களில் துப்புரவுப் பணியாளர் எத்தனை பேர் என எழுத்தால் கேட்டு, வந்த பதிலை அடுத்த கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள்.